ஐந்நூறு ரூபாயும் ஒரு பெயரும்: வன்னிப் பிரதேச சபைத் தேர்தல் ஒன்றில் சிறு நன்கொடைகளின் பங்கு

வன்னியில் 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், பிரதேச சபையொன்றில் போட்டியிட்ட ஒரு சுயேச்சைக் குழு தன் செலவின் பெரும்பகுதியை அந்தச் சபையின் எல்லைக்குள் வாழ்பவர்கள் கொடுத்த சிறு தொகைகளைக் கொண்டே செய்து முடித்தது. அவற்றில் பெரும்பாலானவை இருநூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் இடைப்பட்டவை. ஒருவரிடம் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை என்று அவர்களே தமக்கொரு வரம்பு வைத்திருந்தார்கள். எந்த வட்டாரத்தையும் அவர்கள் வெல்லவில்லை. விகிதாசாரப் பட்டியலூடாக ஓர் உறுப்பினர் மட்டும் சபைக்குப் போனார். இந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, தேர்தலுக்கு மக்கள் கொடுக்கும் சிறு நன்கொடை உண்மையில் எதையாவது மாற்றுகிறதா என்று ஆராய்வதே இங்கே என் நோக்கம். குழுவின் கணக்குக் கொப்பியைப் பார்க்கவும், கொடுத்தவர்களுடனும் கொடுக்க மறுத்தவர்களுடனும் பேசவும் எனக்கு இடம் தந்தார்கள். ஊரையும் சபையையும் ஆட்களையும் குறிப்பிடாமல் விடுகிறேன். அதற்கான காரணம் இந்த ஆய்வின் நடுப்பகுதியில் தெளிவாகும்.

பின்னணி

குழுவின் கதை 2025இல் தொடங்கவில்லை. 2023 ஜனவரி 18 முதல் 21 வரை வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டு, மார்ச் 9இல் வாக்கெடுப்பு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்த அந்தத் தேர்தலுக்கே அவர்கள் முதன்முதலில் காசு சேர்த்தார்கள். அது எத்தகைய காலம் என்பதை வன்னிக் கமக்காரருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை காலபோக விளைச்சலைச் சரித்திருந்தது. 2022இல் எரிபொருள் வரிசையும் விலையேற்றமும் வந்தன. நெல்லை விற்ற காசு உரக்கடைக் கடனுக்கும் அடகு மீட்கவுமே போதாமல் இருந்தது. அந்த நிலையில் ஒரு வீடு இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தது என்றால், அது மிஞ்சியதைக் கொடுத்தது ஆகாது. பின்னர் திறைசேரி பணம் விடுவிக்கவில்லை என்ற காரணத்தால் தேர்தல் தள்ளிப்போனது. தள்ளிப்போய்க் கடைசிவரை நடக்கவேயில்லை. அதைக் குடிமக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 பெப்ரவரியில் நிறைவேறிய சிறப்புச் சட்டம் பழைய வேட்புமனுக்களை இரத்துச் செய்து, மார்ச்சில் புதிதாக மனுக் கோருவதற்கு வழி செய்தது.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் குழு செய்த ஒரு காரியம் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளமாயிற்று என்பது என் கணிப்பு. 2023இல் வந்த காசில் அச்சுக்கும் பயணத்துக்கும் போனது எவ்வளவு, கையில் மிஞ்சியது எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிச் சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். மிஞ்சியதைத் திருப்பித் தரத் தயாராக இருப்பதாகவும் எழுதினார்கள். சிலர் வந்து வாங்கிப் போனார்கள். அதிகமானோர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நடக்காத தேர்தலுக்குக் கொடுத்த காசுக்குக் கணக்குக் காட்டிய ஆட்களை எங்கள் பக்கத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

காசு எதற்குத் தேவைப்பட்டது

சுயேச்சைக் குழுவாகப் போட்டியிடுபவர்களுக்கு முதல் தடை, வேட்புமனுவுக்காகக் கட்ட வேண்டிய வைப்புத் தொகையான கட்டுப்பணம். உள்ளூராட்சித் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபாய் கட்டினால் போதும். சுயேச்சைக் குழு அதே வேட்பாளருக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியலில் இருபது பேர் என்றால் கட்சிக்கு 30,000, குழுவுக்கு 100,000. கட்சிக்குக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு தலைமையகமும் அதற்குப் பின்னால் பணம் திரட்டும் வழிகளும் இருக்கும். ஊரில் பத்துப் பேர் கூடி அமைத்த குழுவுக்கு அந்த ஓர் இலட்சத்தைக் கண்டுபிடிப்பதே தேர்தல். இவர்களுடைய பட்டியலில் இருபதுக்குச் சற்று அதிகமான பெயர்கள் இருந்தன. சேர்ந்த காசில் பாதிக்கு மேல் கட்டுப்பணமாகவே போய்விட்டது. அது திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் பெறும் வாக்குகளில் தங்கியிருக்கும் என்பதால், கொடுப்பவர்களிடம் அதைத் திரும்பி வரும் காசாகச் சொல்லவும் முடியாது.

வேட்புமனுவுக்கு முந்திய வாரத்தில் அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. வீதி வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கிற ஒருவர், கட்டுப்பணம் முழுவதையும் தானே கட்டுவதாகவும், தன் பெயர் எங்கும் வர வேண்டியதில்லை என்றும் சொல்லி அனுப்பினார். பிரதேச சபையின் கையில் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் உள்வீதிகளுக்குக் கிரவல் போடும் வேலை, சந்தைக் குத்தகை, இறைச்சிக் கடைக் குத்தகை, வியாபார உரிமம், சபைக்குச் சொந்தமான கடைகளின் வாடகை ஆகியவை எல்லாம் அந்த மண்டபத்தில் கையுயர்த்தித் தீர்மானிக்கப்படுபவை. ஒரு சபையின் ஆயுளான நான்கு ஆண்டுகளில் இவற்றால் ஒருவர் பெறக்கூடிய இலாபத்தோடு ஒப்பிட்டால் ஓர் இலட்சம் என்பது மிக மலிவான முதலீடு.

குழு இரண்டுபட்டது. இளையவர்கள் சிலர் வாங்குவோம் என்றார்கள். வாங்கிவிட்டு அவருக்கு எதுவும் செய்யாமல் விட்டால் போகிறது என்பது அவர்களுடைய வாதம். கடற்றொழிலாளர் சங்கத்தில் நீண்டகாலம் பொருளாளராக இருந்த ஒரு பெரியவர், அப்படி வாங்கியவன் எவனும் அப்படி விட்டதில்லை என்று சொல்லி மறுத்தார். ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற வரம்பு அன்றைய இரவுதான் பிறந்தது. ஒரு வேட்பாளரின் கட்டுப்பணம் எவ்வளவோ அதற்கு மேல் எவரும் தங்களைத் தாங்கக்கூடாது என்பதே அந்தத் தொகையைத் தெரிந்தெடுத்ததற்கான காரணம். சட்டம் அப்படி ஒரு தனிநபர் வரம்பை அவர்களிடம் கேட்கவில்லை, தாமாகவே வைத்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டுக் காசு பற்றிய விவாதம் அதைவிடக் கடினமாக இருந்தது. வன்னியில் வீடு கட்டுவதும், கோயில் திருவிழாவும், பிள்ளையின் படிப்பும் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் காசோடு பின்னிப்போய்க் கிடக்கின்றன. தேர்தல் மட்டும் எப்படி விலகி நிற்கும்? 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், வெளிநாட்டு அரசுகள், சர்வதேச அமைப்புகள், வெளிநாட்டில் பதிவுசெய்த நிறுவனங்கள் ஆகியவற்றிடமிருந்து நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. உறவினர் அனுப்பும் காசை நேரே வாங்கலாமா கூடாதா என்ற சட்ட வாதத்துக்குள் போகாமல், குழு வேறொரு கோட்டைக் கீறியது: அந்தச் சபையின் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களிடம் மட்டுமே வாங்குவது. வெளிநாட்டில் இருக்கும் மருமகன் மாமிக்கு அனுப்பி, மாமி தன் பெயரில் கொடுத்தால் அதை யார் தடுப்பது என்று ஒருவர் கேட்டார். தடுக்க முடியாதுதான். ஆனால் மாமி கொடுப்பதற்கும் 5,000 என்ற வரம்பு உண்டு என்பதால், எவ்வளவு பெரிய காசும் ஒரு கதவால் உள்ளே வர முடியாமல் போனது. வரம்பு ஒன்று இருந்தால் மற்றக் கேள்விகள் தானாகவே சிறிதாகிவிடுகின்றன என்பதை இங்கே கண்டேன்.

பெயர் எழுதுதல்

மேலே சொன்ன சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: யார் கொடுத்தது என்று தெரியாத நன்கொடையை ஏற்கக்கூடாது. பெரும்பணம் இருட்டில் வருவதைத் தடுக்கும் நல்ல விதி அது. ஆனால் வன்னியில் அது நூறு ரூபாய் கொடுப்பவரின் வீட்டு வாசலில் வேறொரு முகத்தோடு வந்து நின்றது.

இந்த மண்ணில் ஒரு கொப்பியில் பெயர் எழுதப்படுவது சாதாரண விடயம் ஆனதில்லை. போர்க்காலத்தில் யார் வீட்டில் எத்தனை பேர் என்ற பதிவு இருந்தது. 2009க்குப் பின் போரில் இடம்பெயர்ந்தவர்கள் வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் பதிவு, மீள்குடியேறியபோது பதிவு, புனர்வாழ்வு பெற்று வந்தவர்களுக்குத் தனிப் பதிவு, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிப் போன ஒவ்வோர் அலுவலகத்திலும் பதிவு. இவற்றில் உதவி கிடைப்பதற்காக எழுதப்பட்ட பட்டியலும் உண்டு, பின்னர் வீட்டு வாசலுக்கு விசாரணையைக் கொண்டுவந்த பட்டியலும் உண்டு. எழுதும்போது எது எதுவென்று எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அஸ்வெசும நலன்புரிப் பட்டியலில் இருக்கும் குடும்பங்கள், எதிர்த்தரப்புக்குக் காசு கொடுத்தது தெரிந்தால் யாராவது தங்கள் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டா இல்லையா என்று வாதிடுவதில் பயனில்லை. காசு கேட்டு வாசலில் நிற்கும் இளைஞனுக்கு அது மதில்போல் எதிரே நிற்கிறது.

எனவே பலர் காசைத் தந்துவிட்டுப் பெயரைத் தர மறுத்தார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்த சில பெண்கள், சீட்டுக் காசோடு சேர்த்து ஒரு தொகையாகக் கொடுக்கிறோம், தனித்தனியே எழுத வேண்டாம் என்றார்கள். குழு அந்தக் காசை வாங்கவில்லை. குழுவின் பொருளாளராக இருந்த பெண், பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொப்பியில் ஏறாது என்பதில் உறுதியாக நின்றார். அது கல்நெஞ்சமாகத் தோன்றியது. அதனால் ஒரு பகுதிக் காசு கைவிட்டும் போனது. ஆனால் மறுத்தவர்களில் கணிசமானோர் சில நாட்கள் கழித்து மீண்டும் வந்து, பெயரோடு கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர், முதுமையில் தனித்திருக்கும் ஒரு கமக்காரர், என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “பேரை எழுதினாப் பிறகு வீட்டில சும்மா இருக்கேலாது, தம்பி. நாலு பேரிட்டக் கதைக்கத்தான் வேணும்.”

சிறு நன்கொடை எதை மாற்றுகிறது என்ற கேள்விக்கு இந்த நிகழ்வு தரும் முக்கியமான விடையை நான் இங்கேதான் காண்கிறேன். அந்த ஐந்நூறு ரூபாய் வாங்கிய துண்டுப்பிரசுரங்கள் எத்தனை வாக்கைக் கொண்டுவந்தன என்பது சிறிய கணக்கு. தன் பெயரை எழுத ஒப்பிய ஒருவர், அதற்கு முந்தைய நாள் இருந்தவராக மறுநாள் இருக்கவில்லை. இருநூறுக்குச் சற்று மேற்பட்டோர் இப்படி எழுதினார்கள். பலருக்கு, வாக்குச் சீட்டில் மறைவாக இட்ட புள்ளடியைத் தவிர, அரசியலில் தாமாக விரும்பி வெளிப்படையாகச் செய்த முதற் காரியம் அது.

இந்தியாவில் நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அங்கே தேர்தல் பத்திரங்கள் என்ற முறையில், பெரும் நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தன. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு அது முரணானது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 15இல் அம்முறையை இரத்துச் செய்யும்வரை அந்தத் திரை விலகவில்லை. பெரும்பணம் கொடுத்தவர்களுக்கு மறைவு சலுகையாகக் கிடைத்தது. எங்கள் ஊரில் மறைவு உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் நூறு ரூபாய்க்கும் பெயர் எழுதினார்கள்.

வாக்கும் காசும்

செலவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டுப்பணம் போக எஞ்சியது துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, பெற்றோல், முகவர்களுக்கான சாப்பாடு என்று போனது. மோட்டார்சைக்கிளும் உழைப்பும் தேநீரும் காசாக வராமல் பொருளாக வந்தன. அவற்றுக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கொப்பியில் எழுதினார்கள்.

இனி முடிவுகள். காசு சேர்க்க வீடுவீடாகப் போன வட்டாரங்களில் குழுவுக்குக் கிடைத்த வாக்குகள், ஆளில்லாமல் வேட்பாளர் தன் கைக்காசில் சமாளித்த வட்டாரங்களைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. சிறு நன்கொடை வேலை செய்தது என்பதற்கு இதையே சான்றாகக் காட்ட குழுவினர் விரும்புகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கொடுத்தவர்கள் ஏற்கெனவே ஆதரவாளர்கள். ஆதரவு இருந்த இடத்தில் காசும் வந்தது, வாக்கும் வந்தது. காசு வாக்கைக் கொண்டுவந்ததா, இரண்டையும் ஆதரவு என்ற ஒன்றே கொண்டுவந்ததா என்று இந்த ஒரு தேர்தலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நன்றாகக் காசு சேர்ந்த வட்டாரத்தின் வேட்பாளர் ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு முன்பள்ளி ஆசிரியை என்பதையும் மறக்கக்கூடாது.

இதே சிக்கலை அமெரிக்க ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அவிழ்க்க முயன்று வருகிறார்கள். பதவியில் இருப்பவரைவிட அவரை எதிர்த்து நிற்பவருக்கே செலவு செய்யும் பணம் கூடுதலாக உதவுகிறது என்று கேரி ஜேக்கப்சன் 1978இல் எழுதினார். அறிமுகமில்லாத ஒருவரின் பெயரை மக்கள் அறியச் செய்வதற்கு முதற் பணம் தேவை என்பதே அதன் உட்பொருள். ஸ்டீவன் லெவிட் 1994இல், அதே இரு வேட்பாளர்கள் மீண்டும் மோதிய தேர்தல்களை மட்டும் எடுத்து, ஆளின் தரம் என்ற வேறுபாட்டை நீக்கிப் பார்த்தபோது, செலவின் விளைவு மிகச் சிறியதென்று கண்டார். 2018இல் ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 49 கள ஆய்வுகளைத் தொகுத்து, பொதுத் தேர்தலில் பிரசாரம் ஒருவரின் மனத்தை மாற்றி வேறொருவருக்கு வாக்களிக்கச் செய்வது சராசரியில் ஏறத்தாழச் சூனியம் என்ற முடிவுக்கு வந்தார்கள். மறுபுறம், நேரில் வீட்டுக்குப் போய்ப் பேசுவது வாக்களிக்கப் போகாமல் இருப்பவர்களை எழுப்பிச் சாவடிக்குக் கொண்டுபோகிறது என்பதை 2000இல் வெளியான கெர்பர், கிரீன் ஆகியோரின் நியூ ஹேவன் ஆய்வு காட்டியிருந்தது.

பணம் குவிந்தும் தோற்றதற்கு அங்கே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2020இல் தென் கரோலைனாவில் செனட் சபைக்குப் போட்டியிட்ட ஜேமி ஹரிசன், மூன்றே மாதங்களில் 57 மில்லியன் டொலர் திரட்டினார். அதில் பெரும்பங்கு நாடு முழுவதிலுமிருந்து இணையவழி வந்த சிறு தொகைகள். ஆனாலும் அவர் ஏறத்தாழப் பத்து வீதப் புள்ளிகளால் தோற்றார். கொடுத்த பலருக்கு அந்த மாநிலத்தில் வாக்கே இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே வாங்குவோம் என்று எங்கள் ஊர்க் குழு கீறிய கோட்டின் பெறுமதியை நான் அந்தத் தேர்தலை வைத்தே அளக்கிறேன். தூரத்திலிருந்து வரும் சிறுதொகை காசாக மட்டுமே வருகிறது. அயல் வீட்டிலிருந்து வருவது ஒரு வாக்கோடும் ஒரு வாயோடும் வருகிறது.

அளவு என்ற கேள்வி

சிறு நன்கொடைக்கு வலு இருக்கிறதா என்பது பெரும்பாலும் தேர்தலின் அளவைப் பொறுத்தது. 2025 உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு வாக்காளர் ஒருவருக்கு 74 ரூபாய் முதல் 160 ரூபாய் வரை, சபைக்குச் சபை வேறுபட்ட செலவு வரம்புகளை அறிவித்தது. 1,500 வாக்காளர் உள்ள ஒரு வட்டாரத்தை மனத்தில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 111,000 முதல் 240,000 ரூபாய் வரை வரும். ஆளுக்கு ஐந்நூறு என்றால் கீழ் வரம்பை 222 பேர் சேர்ந்து நிரப்பிவிடலாம். எதிரில் நிற்கும் பெரிய கட்சியும் அந்த வரம்பைத் தாண்டக்கூடாது என்பதால், ஊர்மக்கள் சேர்த்த காசு அதற்குச் சமமாக நிற்க முடிகிறது.

இதே கணக்கை மேலே கொண்டுபோனால் அது உடைகிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வரம்பு வாக்காளருக்கு 109 ரூபாய். 17,140,354 வாக்காளருக்கு மொத்தம் 1,868,298,586 ரூபாய். அதை ஐந்நூறு ரூபாய்களால் நிரப்ப முப்பத்தேழு இலட்சம் பேர் வேண்டும். பாராளுமன்றத் தேர்தல் இடைநடுவில் நிற்கிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2024இல் 306,081 வாக்காளர்கள், ஆறு ஆசனங்கள். நாம் வன்னி என்றே சொல்லும் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு வாக்களிக்கிறது. முசலியிலிருந்து கொக்கிளாய் வரை ஓடித் திரிய எரிபொருளுக்கே ஓர் ஊரின் சேமிப்புப் போதாது. அதற்கு மேல், பட்டியலுக்குள் விரும்பிய வேட்பாளரையும் வாக்காளர் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கு முறை ஒரே பட்டியலில் இருப்பவர்களையும் ஒருவருக்கெதிராக ஒருவர் செலவழிக்க வைக்கிறது. எங்கள் குழு அந்தத் தேர்தலில் நின்றிருந்தால் கட்டுப்பணம் வேட்பாளருக்கு 2,000 வீதம் ஒன்பது பேருக்கு 18,000தான். நுழைவது மலிவு, பயணம்தான் கட்டுபடியாகாது.

பிரதேச சபையில் இன்னொரு வசதியும் உண்டு. 60 வீத உறுப்பினர் வட்டாரத்தாலும் 40 வீதத்தினர் விகிதாசாரத்தாலும் தெரிவாகும் கலப்பு முறையில், இருபது உறுப்பினர் கொண்ட சபையில் இருபதாயிரம் செல்லுபடியான வாக்குகள் விழுந்தால், ஏறத்தாழ ஆயிரம் வாக்குக்கு ஓர் ஆசனம். வட்டாரம் வட்டாரமாகத் தோற்றவர்கள்கூட எல்லா வட்டாரத்திலும் சிந்திய வாக்குகளைக் கூட்டி ஒருவரை உள்ளே அனுப்பலாம். இந்தக் குழுவுக்கு நடந்தது அதுவே. கட்டுப்பணத்தைக் கட்ட முடியாமல் போயிருந்தால் அந்த வாக்குகளைக் கூட்டுவதற்கு ஒரு பட்டியலே இருந்திருக்காது. ஆகவே, முதல் ஓர் இலட்சம் எல்லாவற்றையும் மாற்றியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆயிரமும் குறைவாகவே மாற்றியது என்று நான் முடிவு செய்கிறேன்.

சில நாடுகள் இந்தச் சமமின்மையைப் பொதுப்பணத்தால் ஈடுசெய்கின்றன. நியூயோர்க் நகரத் தேர்தல்களில், தகுதி பெற்ற வேட்பாளருக்கு நகரவாசி கொடுக்கும் சிறுதொகையின் ஒவ்வொரு டொலருக்கும் நகரம் எட்டு டொலர் சேர்க்கிறது. சியாட்டில் நகரம் 2017 தேர்தலிலிருந்து ஒவ்வொரு வாக்காளருக்கும் 25 டொலர் பெறுமதியான நான்கு பற்றுச்சீட்டுகளை அனுப்பி, விரும்பிய வேட்பாளருக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஜேர்மனியில் ஒருவர் ஆண்டுக்கு 3,300 யூரோ வரை கட்சிக்குக் கொடுப்பதில் ஒவ்வொரு யூரோவுக்கும் அரசு 45 சதம் சேர்க்கிறது. இலங்கையில் தேர்தல் நடத்தவே பணமில்லை என்று சொல்லப்பட்ட ஆண்டை நாம் கண்டிருக்கிறோம். எனவே எட்டு மடங்கைக் கேட்கும் துணிவு எனக்கில்லை. சுயேச்சைக் குழுவின் கட்டுப்பணத்தைக் கட்சிக்குரிய 1,500க்கு இறக்குவதற்கோ திறைசேரியிலிருந்து ஒரு சதமும் தேவையில்லை. அதைச் செய்யாதிருப்பதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

தேர்தலுக்குப் பின்

முடிவுகள் வெளியாகி 21 நாட்களுக்குள் வரவுசெலவு அறிக்கை கையளிக்கப்பட வேண்டும். பற்றுச்சீட்டுக் கட்டுகள் ஒழுங்காக இருந்ததால் குழு அதை உரிய நேரத்தில் செய்தது. அவ்வளவு கண்டிப்பாகப் பெயர் கேட்ட பொருளாளரைத் திட்டியவர்கள் அப்போது அமைதியானார்கள்.

உண்மையான பரீட்சை ஜூன் மாதத்தில் வந்தது. வடக்கின் பல சபைகளைப்போல் அங்கும் எந்தத் தரப்புக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. தவிசாளர் தெரிவில் ஒரு வாக்குக்கு விலை ஏறியது. இரண்டு பெரிய தரப்புகளிடமிருந்தும் அந்தத் தனி உறுப்பினருக்கு ஆட்கள் போனார்கள். ஒரு தரப்பு உப தவிசாளர் பதவி தருவதாகச் சொன்னது. இன்னொரு தரப்பின் பேச்சில் அதைவிடக் கைக்கு அடக்கமான வாக்குறுதிகள் இருந்தன.

ஒப்பந்தகாரர் கட்டுப்பணத்தைக் கட்டியிருந்தால் அந்த உறுப்பினர் யாரிடம் போய்க் கேட்டிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. இங்கே அவர் கொப்பியை எடுத்து, அதில் இருந்தவர்களைச் சனசமூக நிலையத்துக்கு அழைத்தார். ஏறத்தாழ அரைவாசிப் பேர் வந்தார்கள். கூட்டம் அழகாக நடக்கவில்லை. ஒரே தேசியக் கட்சிக்கு எதிராகத் தமிழ்த் தரப்புகள் ஒன்றாக நிற்க வேண்டும் என்று ஒரு பகுதியினர் வாதிட்டார்கள். தங்கள் வீதியைப் பதினைந்து வருடமாகப் போடாமல் விட்டவர்களுக்கு எதற்காகக் கைதூக்க வேண்டும் என்று இன்னொரு பகுதியினர் கேட்டார்கள். பெண்கள் சிலர், சந்தைக் குத்தகையைப் பகிரங்கமாக விலை கோரும் கேள்வி மூலம் விடுவதாக எழுத்தில் தருபவர் எவரோ அவருக்கே ஆதரவு என்று ஒரே நிபந்தனையை வைத்தார்கள். இரவு பத்து மணியளவில் அந்த நிபந்தனையே தீர்மானமாயிற்று. ஒரு தரப்பு எழுதித் தந்தது. உறுப்பினர் அவர்களுக்கு வாக்களித்தார். பதவி எதையும் ஏற்கவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களில் சிலர் இன்றுவரை குழுவோடு பேசுவதில்லை. தங்கள் ஐந்நூறு ரூபாய் தாம் விரும்பாத பக்கம் போய்விட்டது என்பது அவர்களுடைய முறைப்பாடு. அதில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். இருநூறு பேருக்குக் கடமைப்பட்ட ஒருவர் அவர்கள் எல்லோரையும் ஒருங்கே திருப்திப்படுத்த முடியாது.

சபையில் அந்த உறுப்பினரால் தனியே எதையும் நிறைவேற்ற முடியாது. பாதீட்டில் ஒரு வரியை மாற்றக்கூட அவருக்கு மற்றவர்களின் கைகள் தேவை. ஆயினும் மாதாந்தக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்று ஒவ்வொரு மாதமும் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சந்தைக் குத்தகைக்கான கேள்வி அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டதா என்று போய்ப் பார்ப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கொப்பியில் பெயர் எழுதியவர்கள்.

இப்போது குழுவுக்குள் நடக்கும் விவாதம் மாகாண சபையைப் பற்றியது. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தலே நடக்கவில்லை. நடந்தால் ஒரு மாவட்டம் முழுவதற்கும் பிரசாரம் செய்ய வேண்டும். அதற்கு 5,000 ரூபாய் வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று இளையவர்கள் மீண்டும் கேட்கிறார்கள். தளர்த்தாமல், வரம்புக்குள் நின்று கொடுக்கக்கூடிய ஆட்களை மற்றப் பிரதேச சபைப் பகுதிகளிலும் தேட வேண்டும் என்பது பொருளாளரின் நிலைப்பாடு. முதற் கட்டமாக அயல் பிரதேச சபைப் பகுதியில் உள்ள இரண்டு கமக்காரர் அமைப்புகளோடு பேசத் தொடங்கியிருக்கிறார்கள். போகும்போது பழைய கணக்குத் தாள்களின் பிரதியையும் எடுத்துப் போகிறார்கள்.